வெட்டி ஒதுக்கணும்

கரமனை
17 ஜூன் 2025

ஆறுமுகசாமிக்கு,

உமக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கும். மிஷின் வாளைத் தூக்கி ஒரு கொல்லாமரத்தையே, முழு முந்திரி மரத்தையே, சாய்த்த மனிதருக்கு என்ன குறை வரப்போகிறது?

போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர். வாட்ஸ்அப் குழுவிலிருந்து உம்மை நீக்கியது நான்தான், மறுக்கவில்லை. அதனால் பேப்பரும் பேனாவும் எடுக்க வேண்டியதாயிற்று. சிவகாமி தன் தங்கச்சியைப் பார்க்க வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் பெண் எடுத்ததால் ஆன உபயோகம் இது ஒன்றுதான்.

ரத்னாபாய் டீச்சர் கேட்டைப் பூட்டிவிட்டார். கூடைகள் எல்லாம் உள்ளே மழையில் நிற்கின்றன. நெடுமங்காடு தாண்டி, ரப்பர் முறித்தபின் காடு பிடித்துக் கிடந்த டீச்சருடைய பறம்பு நிலத்தை, தட்டைச் சங்கிலிக் கூடையில் எறிந்து ஆடுகிற ஒரு டிஸ்க் கோல்ஃப் களமாக ஆக்க என்ன பாடுபட்டோம் என்று உமக்கே தெரியும். மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல், யாருக்கும் சம்பளம் இல்லாமல், அட்டைக்கடி வாங்கிக்கொண்டு செய்தோம். ஆர்ஷா டெக்னோபார்க்கிலிருந்து கூட்டிவந்த பிள்ளைகள் லேப்டாப் பிடிக்கிற கையால் வெட்டுகல் சுமந்தார்கள். மகேஷ்குமார் தன் பட்டறையில் இரும்புக் குழாயையும் சங்கிலியையும் வைத்துக் கூடைகளைச் செய்து கொடுத்தான். டீச்சர் வாடகை என்று ஒன்றும் கேட்கவில்லை. பறம்பில் நிற்கிற ஒரு மரத்தையும் வெட்டக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை நான் நாகர்கோவிலில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். நீர் இங்கே மரத்தை அறுத்துக்கொண்டிருக்கிறீர். ஞாயிறு காலையில் வந்து பார்த்தால் ஏழாவது கூடைக்கு முன்னால் வானம் தெரிகிறது! அந்த மரம் நின்றதால்தான் ஏழாவது கூடைக்கு மதிப்பு. அதைச் சுற்றித் தட்டை வளைத்து எறியத் தெரியாதவன் ஆட்டக்காரனே இல்லை. இப்போது கைக்குழந்தைகூட நேராக எறிந்துவிடும்.

டீச்சருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் மலையாளத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். யாரும் சொல்லாமல் என் இஷ்டத்துக்கு வெட்டினேன், இனி இந்தப் பறம்பில் கால் வைக்க மாட்டேன் என்று அதில் இருக்கிறது. கீழே ஒப்புப் போட்டு அனுப்பும். ஆகஸ்டில் கொச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். அதற்குள் கேட் திறந்தாக வேண்டும். புல் நமக்காகக் காத்திருக்காது.

பகவதிப்பெருமாள்


தம்பானூர்
19 ஜூன் 2025

அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதமும் கூடவே வந்த மலையாளக் காகிதமும் கிடைத்தன. படிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று லாட்ஜில் ரூம் எடுக்க வருகிறவர்களிடமே சொல்கிற மேனேஜர் நான். என் வீட்டில் கலைச்செல்வி மலையாளம் எழுத்துக்கூட்டுவாள். அவள் வாசித்துச் சொன்னாள். 'யாரும் சொல்லாமல்' என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

யாரும் சொல்லாமலா வெட்டினேன்? வெள்ளிக்கிழமை நீங்கள் குழுவில் போட்ட வாய்ஸ் மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. உங்கள் குரல்தான், உங்கள் இருமல்தான். "ஏழாவது கூடைக்கு முன்ன நிக்க கொல்லாமரம் வெட்டி ஒதுக்கணும். ஆறுமுகசாமி, அது நீரு பாத்துக்கிடணும் கேட்டோ, ஞாயிறுக்கு முந்தி." வெட்டச் சொன்னீர்கள், வெட்டினேன். ஒதுக்கச் சொன்னீர்கள், துண்டு துண்டாக அறுத்து வேலியோரமாக ஒதுக்கி அடுக்கினேன். எங்கள் பாளையங்கோட்டையில் ரோட்டில் சாய்ந்து கிடக்கும் உடைமரத்தை வெட்டி ஒதுக்கு என்றால் எந்த மனுஷனும் அதைத்தான் செய்வான்.

டீச்சரின் நிபந்தனை எனக்கும் தெரியும். அதனால்தான் வாளைத் தொடுவதற்கு முன்னால் உங்களுக்குப் போன் அடித்தேன், திரும்பவும் அடித்தேன். நீங்கள் எடுக்கவில்லை. பந்தியில் பாயசம் வந்திருக்கும். சரி, அண்ணாச்சி டீச்சரிடம் கேட்காமல் சொல்ல மாட்டார் என்று நம்பினேன். உங்களை நம்பியது குற்றம் என்றால் சொல்லுங்கள், அதற்கு எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நீங்கள் என் லாட்ஜுக்கு வந்து ரிசப்ஷன் மேசையில் ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்தீர்கள். "இத எறியணும், சங்கிலிக் கூடையில விழணும், பின்னே ஆளு வேணும்" என்றீர்கள். சாப்பாட்டுத் தட்டுக்கு ஆர்டர் பிடிக்க வந்திருக்கிறீர்கள் என்றுதான் நான் நினைத்தேன். எறிய நிற்கிற மேடைக்கு டீ என்று பேர் சொன்னீர்கள், லாட்ஜ் பையன் பிச்சைக்கனி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அப்படி ஒன்றும் தெரியாமல் வந்தவர்கள்தான் உங்களுக்குக் குழி தோண்டினோம், காட்டுப்பன்னி கிளறிப் போட்ட தரையை மிதித்துச் சமப்படுத்தினோம். என் லாட்ஜ் பையன்கள் வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவு நாளை அங்கே கொண்டுவந்து கொட்டினார்கள்.

அந்தப் பையன்களுக்கு முன்னால்தான், "மூளைன்னு ஒண்ணு இருக்காவே உமக்கு?" என்று கத்தினீர்கள். எனக்கு அங்கேயே உங்கள் சட்டையைப் பிடிக்கத் தோன்றியது. கலைச்செல்வியின் அக்காள் புருஷன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

குழுவில் நீங்கள் ஒரு வரி போட வேண்டும். நான் சொல்லித்தான் ஆறுமுகசாமி வெட்டினார் என்று, அதே உங்கள் குரலில். அதுவரை இந்த மலையாளக் காகிதம் லாட்ஜ் சமையல்கட்டில் அப்பளம் வைக்க உதவும்.

ஆறுமுகசாமி


கரமனை
22 ஜூன் 2025

ஆறுமுகசாமிக்கு,

ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர். வெட்டி ஒதுக்குவது என்றால் அளவாக வெட்டி ஒழுங்காக்குவது. இந்த ஊரில் முடிவெட்டுகிற கடையில் போய் வெட்டி ஒதுக்கணும் என்றால் மொட்டையா அடித்துவிடுகிறான்? இந்த ஊர் போகட்டும். உங்கள் பாளையங்கோட்டையிலேயே மீசையை ஒதுக்கு என்றால் மூக்கோடு சேர்த்தா எடுப்பார்கள்? கீழே தொங்கின கொப்புகளை மட்டும் இடுப்புயரத்துக்கு எடுத்துவிட்டால் தட்டு தாழ்வாக வளைந்து போகும். நான் கேட்டது அவ்வளவுதான். ஆர்ஷாவுக்குத் தமிழே தெரியாது, அவளுக்குப் புரிந்தது. இங்கே வந்து இத்தனை வருஷமாகியும் உமக்கு மலையாளம் கலந்த இந்த ஊர்ப் பேச்சு காதில் ஏறவில்லை என்றால் அதற்கும் நான்தான் பொறுப்பா?

குழுவில் எழுதச் சொல்கிறீர். எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தீரா? ஆர்ஷாவின் கூட்டாளிகள் மரம் செடி என்றால் உயிரை விடுகிற பிள்ளைகள். இந்த அங்கிள் சொல்லித்தான் மரம் விழுந்தது என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டால் அடுத்த ஞாயிறு புல் வெட்ட ஒருத்தர் வர மாட்டார்கள். ஆள் வராவிட்டால் களம் இல்லை. இது சம்பளம் கொடுத்து நடத்துகிற லாட்ஜ் இல்லை, கேட்டீரா? வருகிறவர்கள் மனசு வைத்துத்தான் வருகிறார்கள். ஒரு ஆள் பழி ஏற்றால் எல்லாம் காப்பாற்றப்படும். நீர் அந்த ஒரு ஆளாக இருக்க மறுக்கிறீர்.

எனக்கு இந்தக் களம் வெறும் விளையாட்டில்லை. ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் வீட்டில் நாற்காலியோடு நாற்காலியாக இருந்ததை நீர் பார்த்திருக்கிறீர். ஞாயிறு காலை ஒன்றுக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளுகிறேன். அதை உம்முடைய வாள் எடுத்துக்கொண்டுபோக நான் விடமாட்டேன்.

டீச்சரிடம் போனில் பேசி ஓரளவு சமாதானப்படுத்தி வைத்திருக்கிறேன். நீர் அங்கே போய் முகத்தைக் காட்டிக் காரியத்தைக் கெடுக்க வேண்டாம்.

பகவதிப்பெருமாள்


தம்பானூர்
24 ஜூன் 2025

அண்ணாச்சிக்கு,

ஆர்ஷாவுக்குப் புரிந்தது என்று எழுதிய நீங்கள் மகேஷ்குமாரைப் பற்றி மூச்சே விடவில்லை. மரம் கூடைமேல் விழாமல் இருக்க அந்தப் பக்கம் வடம் பிடித்து இழுத்தவனே அவன்தான். நாகர்கோவில்காரன். அவன் காதிலும் உங்கள் பேச்சு வெட்டு என்றுதான் விழுந்தது. அவனைக் குழுவிலிருந்து நீக்கினீர்களா? நீக்க மாட்டீர்கள். அப்புறம் கூடைக்குச் சங்கிலி யார் மாட்டுவது?

முகத்தைக் காட்ட வேண்டாம் என்கிறீர்கள். காட்டத்தான் போகிறேன். வெட்டினவன் நான் இங்கே குத்துக்கல்லாக இருக்கும்போது போனில் சமாதானம் பேச நீங்கள் யார்? டீச்சர் கேட்கட்டும் என்று உங்கள் மெசேஜையும் கொண்டுபோகிறேன்.

ஆறுமுகசாமி


தம்பானூர்
30 ஜூன் 2025

பிள்ளை சாருக்கு,

இனி அண்ணாச்சி என்று எழுத மாட்டேன். டீச்சர் உங்களைச் சொல்வது பிள்ளை சார் என்றுதான். எனக்கும் அதுவே போதும்.

சனிக்கிழமை நெடுமங்காடு பஸ் பிடித்துப் போனேன். மழை. டீச்சர் வராந்தாவில் குடையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிடவில்லை. நான் படியில் நின்றே, எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில், மரத்தை வெட்டியது நான்தான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓ, அந்த மரம் முறிச்ச பாண்டி நிங்களாணோ?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, பேர் விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார்.

பாண்டி! இந்த ஊரில் தமிழ்க்காரனை மட்டம் தட்டுகிற அந்தச் சொல்லை எனக்குப் பஸ்ஸில் சொல்லியிருக்கிறார்கள், மார்க்கெட்டில் சொல்லியிருக்கிறார்கள். காதில் வாங்காமல் போகப் பழகிவிட்டேன். வெட்டினது ஒரு பாண்டி என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். நீங்கள் போனில் சொன்னதை அப்படியே சொன்னார். "எவிடெயோ நிந்து வந்ந ஒரு பாண்டி செய்த பணியாணு டீச்சரே, ஞங்களுடெ ஆளல்ல." எங்கிருந்தோ வந்த ஒரு பாண்டி. நம்ம ஆள் இல்லை. நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று திரும்பச் சொல்லச் சொன்னேன். இந்தத் தடவை என் காதில் பிழை இல்லை.

மெசேஜைப் போட்டுக் காட்டினேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அந்த இடத்தில் நான் தோற்றேன். டீச்சர் கேட்டுவிட்டு, கொப்பு கழிக்கத்தானே சொல்கிறார், இதில் என்ன சந்தேகம் என்றார். இந்த ஊர்க் காதுக்கு நீங்கள் சொன்னது சரிதான். எனக்குத்தான் வேறு மாதிரிக் கேட்டது. மரத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வாயாரக் கேட்டேன், யாரும் எழுதித் தந்து இல்லை.

போகட்டும் என்று திரும்பியிருப்பேன். அவர்தான், பிள்ளை சாரை எப்படிப் பழக்கம் என்றார். என் பெண்டாட்டியின் அக்காள் புருஷன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. சகலை, ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள், அவரும் தமிழ்க்காரர்தான் என்றேன். குடையைக் கீழே வைத்துவிட்டார். பிள்ளைப் பட்டம் இங்கே நாயர்களுக்கும் உண்டே, மூன்று வருஷமாக உங்களை இந்த ஊர் நாயர் பிள்ளை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார் அந்த அம்மாள். ஒரு நாளும் நீங்கள் இல்லை என்று சொல்லவில்லையாம். சிவகாமி அக்காளை ஒரு நாளாவது களத்துக்குக் கூட்டிவந்ததுண்டா என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காள் வாயைத் திறந்தால் வள்ளியூர்த் தமிழ் தெரிந்துவிடும்.

டீச்சர் உள்ளே போய்க் கேட் சாவியை எடுத்துவந்து என் கையில் வைத்தார். மரத்துக்குப் பதிலாக ஒரு கன்றை நட்டுவிட்டு அதைப் போட்டோ பிடித்துக் காட்டிக்கொண்டு யாரும் என்னிடம் வர வேண்டாம், போனது போனதுதான் என்றார். களம் நடக்கட்டும், ஆனால் வீட்டு ஆளை யாரோ என்று சொன்னவர் கையில் இனி சாவி கொடுக்க மாட்டேன் என்றார். அவர் மலையாளத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஆர்ஷாவிடம் பேசிவிட்டேன். வருகிற ஞாயிறு எல்லாரும் வருகிறார்கள். ஏழாவது கூடையைப் பிடுங்கிப் பலாமரத்துக்குப் பின்னால் நடப் போகிறோம், மறுபடி வளைத்து எறிகிற மாதிரி. நீங்களும் வரலாம். ஆனால் கேட்டில் நான் நிற்பேன். எல்லார் முன்னாலும் "யாரு?" என்று கேட்பேன். பாண்டி என்று சொல்லுங்கள், திறக்கிறேன்.

ஆறுமுகசாமி


கரமனை
2 ஜூலை 2025

ஆறுமுகசாமிக்கு,

உம்முடைய கடிதத்தைச் சிவகாமி பஸ்ஸிலேயே பிரித்து வாசித்துவிட்டாள். வந்ததும் என் முன்னால் போட்டுவிட்டு, "நானும் வள்ளியூர்க்காரிதான? என்னை எந்தக் கணக்குல வச்சிருக்கியோ?" என்று கேட்டாள். அவள் காப்பி போடவில்லை. நேற்றும் போடவில்லை. உமக்குச் சந்தோஷம்தானே?

நான் சொன்னேன். டீச்சர் போனில் அழுதுகொண்டிருந்தார், கூடைகளையெல்லாம் பிடுங்கி ரோட்டில் எறிவேன் என்றார். என்ன சொன்னால் நிறுத்துவார் என்று தெரியவில்லை. வாயில் அதுதான் வந்தது. தேடி எடுக்கவே வேண்டியிருக்கவில்லை, நாக்கு நுனியில் இருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று உமக்குத் தெரியாது. நீர் வளர்ந்தபின் இங்கே வந்தவர். நான் இங்கே பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் என் பேர் பெருமாள் இல்லை, பாண்டி. வாத்தியாரும் அப்படித்தான் கூப்பிடுவார், பிரியமாகத்தான் கூப்பிடுவார். எங்கள் அப்பா பஸ்ஸில் ஏறினால் எங்களைத் தமிழில் பேசவிட மாட்டார். அப்படி உரசி உரசி அந்தப் பேரை மேலிருந்து எடுத்தேன். யாராவது பிள்ளை என்று கூப்பிட்டு, வேறு ஒன்றை நினைத்துக்கொண்டால் அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். நான் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

இதை எழுதுவதால் உம்மிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதேயும். மரத்தை வெட்டியது நீர்தான். என் வார்த்தை சரி என்று டீச்சரே சொல்லிவிட்டார், நீரும் ஒப்புக்கொண்டுவிட்டீர். அதை ஆர்ஷா மூலமாகவாவது குழுவில் எழுத உமக்குக் கை வந்ததா? வரவில்லை. நான் கட்டிய களத்துக்கு நீர் காவல்காரன் ஆகிவிட்டீர், வாழ்த்துகள். அந்தச் சாவியைப் பார்க்கப் பார்க்க உமக்கு எத்தனை குளிர்ச்சியாக இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது.

கூடையைப் பலாவுக்குப் பின்னால் நடாதேயும். மழைத் தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் இறங்கும், ஒரே மாதத்தில் கூடை சாயும். ஒரு எட்டு மேலே, பாறைக்கு இடது பக்கம் நடும். இதைச் சொல்ல அங்கே நான் இருக்க வேண்டும், அதனால்தான் வருகிறேன். உமக்காக வரவில்லை.

கேட்டில் நீர் கேட்கிற சொல்லையும் சொல்கிறேன். ஆனால் தமிழில் சொல்வேன். மலையாளத்தில்தான் அது வசவு. தமிழில் அது நாடு, ராஜா, மீன்கொடி. அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

பகவதிப்பெருமாள்


தம்பானூர்
4 ஜூலை 2025

பிள்ளை சாருக்கு,

பள்ளிக்கூடக் கதையை வாசித்தேன். கலைச்செல்வி அழுதாள். எனக்கும் மனசு இளகியது, இல்லை என்று சொல்லவில்லை. அந்தச் சொல் எப்படி வலிக்கும் என்று என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்மேல் எறிந்தீர்கள். அதை நினைத்தால் இளகின மனசு இறுகிவிடுகிறது.

வார்த்தையை நான் தவறாகக் கேட்டேன் என்று இன்று காலை குழுவில் போட்டுவிட்டேன். அதற்காகவே ஆர்ஷா என்னைத் திரும்பச் சேர்த்தாள். என் பங்கு முடிந்தது.

கூடையைப் பாறைக்கு இடது பக்கம் நடலாம். மகேஷ்குமாரும் அதையேதான் சொன்னான். கடப்பாரை இரண்டு கொண்டுவாருங்கள், இங்கே ஒன்றுதான் இருக்கிறது. சிவகாமி அக்காள் இந்த ஞாயிறு எங்களோடு வருகிறாள். உங்களோடு அல்ல, எங்களோடு.

ராஜா, மீன்கொடி எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பாண்டியை எனக்குத் தெரியாது. டீச்சரிடம் போனில் எந்த மொழியில் சொன்னீர்களோ, அந்த மொழியில்தான் கேட்டிலும் சொல்ல வேண்டும். டீச்சரும் வந்து நிற்பார். அவருக்குப் புரிய வேண்டும்.

ஆறுமுகசாமி